வால்ப்ரோயேட்: கருத்தரிக்கும் முன்பே பேச வேண்டிய மாத்திரை

வலிப்பு நோயுள்ள பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானதும் அவளை மருத்துவரிடம் அழைத்து வரும் தாய்மார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “கல்யாணத்துக்கு அப்புறம் இந்த ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்திடலாமா, டாக்டர்?” இந்தக் கேள்விக்குள் இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஒன்று. பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்துக்கு மருத்துவரிடம் மருந்து கிடையாது. இரண்டாவதற்குப் பதில் உண்டு. அந்தப் பதில், பெண் எந்த மாத்திரையைச் சாப்பிடுகிறாள் என்பதைப் பொறுத்து மாறும். லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவளுக்குச் சொல்வதை வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவளுக்குச் சொல்ல முடியாது.

வலிப்பு மருந்துகளிலேயே கருவுக்கு மிகுந்த கெடுதல் செய்வது வால்ப்ரோயேட். இது பற்றிய முதல் வலுவான எச்சரிக்கை 1982-ல் வந்தது. அதன் பிறகும் பல்லாயிரம் கர்ப்பிணிகள் விவரம் அறியாமல் அதைச் சாப்பிட்டார்கள். இந்த மருந்தின் வரலாற்றைப் படிக்கும்போது என்னை வேதனைப்படுத்துவது அந்த இடைவெளிதான். மருந்துக்குப் பக்கவிளைவு இருப்பது இயற்கை. அது தெரிந்த பிறகும், விழுங்குகிறவளைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

முதலில் மருந்துக்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் தொடங்கும் ஒரு வகை வலிப்பு இருக்கிறது. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் கை வெடுக்கென்று உதறும். பிடித்திருக்கும் காபி டம்ளர் சிதறி விழும். பல் துலக்கும் பிரஷ் கையிலிருந்து தெறிக்கும். வீட்டில் “கவனமே இல்லை” என்று திட்டு விழும். பொதுத்தேர்வுக்குக் கண்விழித்துப் படித்த ஒரு நாள் காலையில் பெரிய வலிப்பே வந்து விழுந்த பிறகுதான், அதுவரை வந்த உதறல்களும் வலிப்புதான் என்பது தெரியவரும். இதுவும் இதையொத்த, மூளை முழுவதையும் ஒருசேரப் பற்றும் வலிப்புகளும் வால்ப்ரோயேட்டுக்கு அடங்குவதுபோல் வேறு மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. பிரிட்டனில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2021-ல் வந்தது. இந்த வகை வலிப்புகளில் புதிய மருந்தான லெவெடிராசிட்டம், பழைய வால்ப்ரோயேட்டுக்கு ஈடாகவில்லை. நம் மருந்துக்கடைகளில் வால்பரின், என்கோரேட் போன்ற பெயர்களில் கிடைக்கும் இது விலையும் குறைவு. நல்ல மருந்து. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது: அது மிக நன்றாக வேலை செய்யும் வலிப்பு, பெண்கள் பருவமடையும் வயதில் தொடங்கி, பிள்ளை பெறும் வயது முழுவதும் கூடவே வரும் வலிப்பு.

இந்தப் பொருளை 1882-லேயே அமெரிக்க வேதியியலாளர் பெவர்லி பர்ட்டன் உருவாக்கிவிட்டார். நம் சடாமாஞ்சிலுக்கு உறவான வலேரியன் செடியின் வேரில் உள்ள அமிலத்தைப் போன்ற ஒரு கொழுப்பமிலம் அது. எண்பது ஆண்டுகள் அது ஆய்வகங்களில் பிற பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே இருந்தது. 1962 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியேர் எமார் என்ற ஆய்வாளர், தாம் சோதித்துக்கொண்டிருந்த சேர்மங்களை அதில் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்தார். எந்தச் சேர்மத்தைக் கரைத்தாலும் வலிப்பு நின்றது. வலிப்பை நிறுத்தியது கரைத்த பொருளல்ல, கரைப்பானே என்று புரிந்தது. 1967-ல் டெபாகின் என்ற பெயரில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் எழுபதுகளில் எபிலிம் என்று வந்தது. அமெரிக்கா 1978-ல் அனுமதித்தது.

வலிப்பு மருந்துகளால் கருவுக்குக் கேடு வரலாம் என்ற சந்தேகம் அதற்கு முன்பே உண்டு. 1968-ல் ராய் மெடோ என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வலிப்பு மருந்து சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு உதடும் அண்ணமும் பிளந்திருப்பதைக் கண்டு லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் கைகால் குறையோடு குழந்தைகள் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்துப் பேரழிவின் நினைவு ஆறாத காலம் அது. ஆனாலும் பழைய மருந்துகள் மீது எழுந்த சந்தேகம் புதிய மருந்தின் பெட்டிக்குள் இருந்த தாளுக்கு வந்து சேரவில்லை. 1973-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. வலிப்பு மருந்துகளால் கருவுக்கு நேரக்கூடிய கெடுதலை மருத்துவர்களுக்குத் தெரிவிக்கலாம், நோயாளி படிக்கும் தாளில் போட வேண்டாம் என்று முடிவாயிற்று. பெண்கள் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் பல பத்தாண்டுகள் கழித்து ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்த பிறகே இந்த முடிவைப் பதிந்த ஆவணங்கள் வெளியுலகுக்குத் தெரிந்தன.

1982-ல் வந்த எச்சரிக்கை, வால்ப்ரோயேட் மருந்தாகப் பிறந்த பிரான்சிலிருந்தே வந்தது. லியோன் பகுதியில் பிறவிக் குறைபாடுகளுக்கான பதிவேடு ஒன்றைப் பராமரித்து வந்தார்கள். முதுகெலும்பு மூடாமல், தண்டுவடம் வெளித் தெரியப் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம், கர்ப்ப காலத்தில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்த எலிசபெத் ரோபேர், அவர்களில் எதிர்பாராத அளவுக்குப் பலர் வால்ப்ரோயேட் எடுத்திருந்ததைக் கண்டார். பதிவேடு ஒன்று ஒழுங்காக எழுதப்பட்டதால் கிடைத்த உண்மை அது. பொதுவாக ஆயிரம் குழந்தைகளில் ஓரிருவருக்கு வரும் இந்தக் குறை, வால்ப்ரோயேட் எடுத்தவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்று வந்தது. 1984-ல், ஒடுங்கிய நெற்றி, மெலிந்த மேலுதடு, சிறிய மேல்நோக்கிய மூக்கு என்று இந்தக் குழந்தைகளின் முகங்களில் பொதுவான சாயல் இருப்பதையும் மருத்துவர்கள் எழுதினார்கள்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவில் தட்டையாக இருக்கும் நரம்புத் தட்டு சுருண்டு குழலாகி, மேலும் கீழும் மூடிக்கொள்வதுதான் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம். கரு உண்டான 28-ஆம் நாள் வாக்கில் இந்த வேலை முடிந்துவிடும். அப்போது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, கிட் வாங்கிச் சோதித்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முதுகு மூடியாயிற்று, அல்லது மூடாமலே விட்டாயிற்று. வால்ப்ரோயேட் எடுக்கும் இளம்பெண்கள் பலருக்கு எடை கூடுவதும், சினைப்பையில் நீர்க்கட்டி வந்து மாதவிலக்கு முறை தவறுவதும் உண்டு. அவர்களுக்கு நாள் தள்ளிப்போவது செய்தியே அல்ல; கர்ப்பம் இன்னும் தாமதமாகத்தான் தெரியும். ‘கர்ப்பம் என்றால் உடனே வந்து சொல்லும்மா, மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம்’ என்ற அறிவுரை, எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டாலும், இந்த மருந்தைப் பொறுத்தவரை காலம் கடந்த அறிவுரை.

ஒற்றைப் பதிவேட்டில் தெரிந்ததை நாடு கடந்து சேர்த்துப் பார்க்க 1999-ல் யூராப் என்ற கூட்டுப் பதிவேடு தொடங்கியது. ஸ்டாக்ஹோமின் டோர்ப்யோர்ன் டோம்சன் அதன் முன்னணியில் இருந்தார். இந்தியா உட்பட நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. ஒரே ஒரு வலிப்பு மருந்து மட்டும் எடுத்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2018-ல் அது வெளியிட்ட முடிவு இன்றும் மருத்துவர்களுக்குக் கைவிளக்கு. பெரிய பிறவிக் குறைபாடுகள் வால்ப்ரோயேட்டில் நூற்றுக்கு 10.3, பீனோபார்பிட்டால் 6.5, பெனிட்டாயின் 6.4, கார்பமசெபின் 5.5, டோபிராமேட் 3.9, ஆக்ஸ்கார்பசெபின் 3.0, லாமோட்ரிஜின் 2.9, லெவெடிராசிட்டம் 2.8. எந்த மருந்தும் எடுக்காத பெண்களின் குழந்தைகளிலேயே நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இத்தகைய குறை வரும் என்பதால், கடைசி இரண்டு மருந்துகளும் ஏறத்தாழ இயல்பு நிலைக்கே வந்துவிடுகின்றன.

வால்ப்ரோயேட்டில் அளவு கூடக் கூட ஆபத்தும் ஏறுகிறது. நாளொன்றுக்கு 650 மி.கி. வரை எடுத்தவர்களில் 6.3 சதவீதம். 1,450 மி.கி.க்கு மேல் போனவர்களில் 25.2 சதவீதம், நாலில் ஒரு குழந்தை. அளவைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்பது உண்மை. குறைந்த அளவிலும் அது லாமோட்ரிஜினைப்போல் இரு மடங்கு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

உடற்குறையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஸ்கேனில் தெரியாத குறை. ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகுப் பிளவைப் பார்க்கலாம், இதயத்தில் ஓட்டையைப் பார்க்கலாம். ஆறு வயதில் ஒரு குழந்தை எப்படிப் பேசும், எப்படிக் கற்கும் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. அமெரிக்காவின் கிம்ஃபோர்ட் மெடோர் தலைமையில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கர்ப்பிணிகளை முன்கூட்டியே சேர்த்து, பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதில் வால்ப்ரோயேட் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 92, லாமோட்ரிஜின் குழந்தைகளுடையது 101 என்று 2009-ல் எழுதினார்கள். ஆறு வயதில் முறையே 97, 108 என்று 2013-ல் வந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தாள் இடம் தரவில்லை. சராசரியில் பத்துப் புள்ளி இறங்குவது காகிதத்தில் சிறிதாகத் தெரியலாம். வகுப்பறையில், அது கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிவிடும். மொழித்திறன்தான் அதிகம் அடிபடுகிறது.

அதே 2013-ல் டென்மார்க்கிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. அந்நாட்டில் பிறந்த ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து, ஆட்டிசம் வகைக் குறைபாடுகள் பொதுவாக 1.53 சதவீதம் என்றால் வால்ப்ரோயேட் கருவில் பட்ட குழந்தைகளில் 4.42 சதவீதம் என்று காட்டினார்கள்.

ஏன் இப்படி? வால்ப்ரோயேட் ஃபோலேட்டின் செயல்பாட்டைக் குலைக்கிறது என்பது பழைய விளக்கம். மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முறைப்படுத்தும் ஹிஸ்டோன் டிஅசிட்டிலேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது என்பது 2001-ல் தெரிந்தது. உறுப்புகள் உருவாகும் வேளையில் தவறான மரபணு தவறான நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. மாத்திரையைக் கொடுத்துவிட்டால் இந்தக் கேடு நீங்கிவிடும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பிருந்தே எடுப்பது எல்லாப் பெண்களுக்கும் நல்லது. ஆனால் வால்ப்ரோயேட்டின் தீங்கை அது நீக்கிவிடும் என்பதற்குச் சான்று இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து உலகின் ஆய்வகங்களில், ஆட்டிசத்தைப் படிப்பதற்காகக் கர்ப்பிணி எலிகளுக்கு வால்ப்ரோயேட் கொடுத்துக் குறைபாடுள்ள குட்டிகளை உருவாக்கி வருகிறார்கள். எலிக்கு என்ன ஆகும் என்று அத்தனை தெளிவாகத் தெரிந்த காலத்தில், பிரான்சில் அந்த மருந்தின் பெட்டிக்குள் இருந்த தாள் கர்ப்பிணிக்கு எதையும் தெளிவாகச் சொல்லவில்லை.

இந்த மௌனத்தை உடைத்தவர்கள் தாய்மார். பிரான்சில் மரீன் மார்த்தேன் என்ற பெண் இரு பிள்ளைகளும் பாதிக்கப்பட்ட பிறகு 2011-ல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அரசு விசாரணை நடந்து 2016 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. எச்சரிக்கைகள் குவிந்தும், டெபாகினை விற்ற சனோஃபி நிறுவனமும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மெத்தனமாக இருந்தன என்றது. 2007-க்கும் 2014-க்கும் இடையே மட்டும் பிரான்சில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களில் வால்ப்ரோயேட் சேர்ந்திருந்தது. எச்சரிக்கைகள் பல ஏற்கெனவே வெளிவந்துவிட்ட ஆண்டுகள் அவை. 1967 முதல் கணக்கெடுத்தால் உடற்குறையோடு பிறந்தவர்கள் 2,150 முதல் 4,100 வரை, வளர்ச்சிக் குறையுள்ளவர்கள் 16,600 முதல் 30,400 வரை இருக்கலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் காப்பீட்டு நிதியமும் மதிப்பிட்டன. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், சனோஃபி நிறுவனம் விழிப்பாக இருக்கவும் தகவல் சொல்லவும் தவறியது என்று தீர்ப்பளித்தது. உடற்குறைகளைப் பொறுத்தவரை 1984 முதல் 2006 வரையும், மன வளர்ச்சிக் குறைகளைப் பொறுத்தவரை 2001 முதல் 2006 வரையும் அந்தத் தவறு நீடித்தது என்று ஆண்டு குறித்தே சொன்னது. தகவலைத் தாளில் சேர்க்கத் தான் அதிகாரிகளிடம் கேட்டதாகவும், தாமதம் தன்னுடையதல்ல என்றும் நிறுவனம் வாதிட்டது.

பிரிட்டனில் ஜேனட் வில்லியம்ஸ், எம்மா மர்ஃபி என்ற இரு தாய்மார் இதே போராட்டத்தை நடத்தினார்கள். ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் அமைந்த விசாரணை, 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. வால்ப்ரோயேட்டால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சொன்னதை அதிகாரிகளும் மருத்துவர்களும் பல ஆண்டுகளாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அதன் சாரம். பல தாய்மார் முதல் குழந்தையின் குறைக்குக் காரணம் கேட்டபோது, ‘மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்ற பதிலைப் பெற்று, அதே மருந்தோடு இரண்டாம், மூன்றாம் குழந்தையைச் சுமந்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, பெண்கள் பயந்துவிடுவார்கள் என்பதற்காகச் சொல்லாமல் விட்டோம் என்ற வாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2024 பிப்ரவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதற்கட்டமாக ஒரு லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டும் என்று நோயாளிகள் பாதுகாப்பு ஆணையர் ஹென்ரியெட்டா ஹியூஸ் பரிந்துரைத்தார்.

விதிகள் மாறியிருக்கின்றன. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 2018 முதல், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் கொடுக்க வேண்டுமானால் நம்பகமான கருத்தடை முறை இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை நிபுணர் அவளோடு உட்கார்ந்து ஆபத்தை விளக்கி, இருவரும் கையெழுத்திட வேண்டும். வலிப்பை அடக்க வேறு வழியில்லாத நிலையைத் தவிரக் கர்ப்பத்தில் அது கூடாது. இருமுனை மனநோய்க்காகவோ ஒற்றைத் தலைவலிக்காகவோ கர்ப்பத்தில் கொடுக்கவே கூடாது. 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் 55 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் புதிதாகத் தொடங்க இரு நிபுணர்கள் ஒப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2023-ல், பிள்ளை பெறக்கூடிய பெண்களுக்கும் சிறுமியருக்கும் இதை எழுத வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இந்த விதிகளிலெல்லாம் என் மனத்துக்கு நெருக்கமானது மிகச் சிறிய ஒன்று. 2023 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் மருந்தாளுநர் வால்ப்ரோயேட்டைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. எச்சரிக்கைப் படமும் தாளும் உள்ள முழுப் பெட்டியாகவே கொடுக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே யாருக்காவது கேடாக முடியும். வால்ப்ரோயேட் எடுக்கும் பெண் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. வலிப்பு அடுக்கடுக்காக வந்து நிற்காமல் போகலாம். இரவில் தூக்கத்தில் ஒரு வலிப்பு வந்து, காலையில் உயிரில்லாமல் கிடப்பதும் நடக்கிறது. கர்ப்ப கால மரணங்களைத் தொடர்ந்து ஆராயும் பிரிட்டிஷ் ஆய்வுக் குழு, 2013–15-ஐ விட 2016–18-ல் வலிப்பு நோயில் நேரும் இத்தகைய திடீர் மரணங்கள் கர்ப்பிணிகளிடையே ஏறத்தாழ இரு மடங்கானதைக் கண்டது. இறந்தவர்களில் பலருக்குக் கருத்தரிக்கும் முன் ஆலோசனை கிடைத்திருக்கவில்லை, மருந்து சீர்செய்யப்பட்டிருக்கவில்லை. வலிப்பில் விழுந்தால் வயிற்றில் அடிபடும். நீண்ட வலிப்பில் கருவுக்குப் பிராணவாயு குறையும். ஆகவே கருவோடு வந்துவிட்ட பெண்ணுக்கும் பதில், ‘அடுத்த வேளை மாத்திரையைப் போடும்மா, இன்றே நரம்பியல் மருத்துவரைப் பார்’ என்பதுதான்.

மாற்று மருந்துகளும் சும்மா மாற்றிவிடக்கூடியவை அல்ல. லாமோட்ரிஜினை வேகமாக ஏற்றினால் உயிரைப் பறிக்கக்கூடிய தோல் ஒவ்வாமை வரலாம். வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் உடலில் இருக்கும்போது சேர்த்தால் இன்னும் மெதுவாக. அது சில இளம்பெண்களுக்குக் காலை உதறல்களை அதிகமாக்கவும் கூடும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்குகிறது. மாதந்தோறும் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும், பிரசவமான சில நாள்களிலேயே பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குறைக்க மறந்தால் கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் தாய்க்குத் தலை சுற்றும். லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும். மாற்றி, வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று பொறுத்துப் பார்க்கப் பல மாதங்கள் ஆகும். திருமணத் தேதி குறித்த பிறகு அந்த மாதங்கள் கிடைப்பதில்லை.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வால்ப்ரோயேட்டுக்கு மாற்றாகவும் ஒற்றைத் தலைவலிக்காகவும் தாராளமாக எழுதப்படும் டோபிராமேட்டும், கருவில் பட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறையும் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது என்று நார்டிக் நாடுகளின் பதிவேடுகள் 2022-ல் காட்டின. அடுத்த ஆண்டே ஐரோப்பா அதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாற்பது ஆண்டு எடுத்த வேலை இந்த முறை ஓராண்டில் நடந்தது.

இந்தியாவில் என்ன நிலை? நமக்கு அருகிலேயே ஒரு பெரும் பணி நடந்து வருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் சஞ்சீவ் தாமஸ் தொடங்கிய கேரளப் பதிவேடு 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிந்து, குழந்தைகளைப் பின்தொடர்கிறது. பதினைந்து மாதக் குழந்தைகளைச் சோதித்தபோது, வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளின் வளர்ச்சி கார்பமசெபின் பட்ட குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்ததை அவர்கள் கண்டார்கள். நம் பிள்ளைகளைப் பற்றிய, நம் பக்கத்து மாநிலத்தின் சான்று. தமிழ்நாட்டிலும் இப்படியொரு பதிவேடு வேண்டும்.

நம் சிக்கலின் பெரும்பகுதி சமூகத்தில் இருக்கிறது. வலிப்பு நோய் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணம் என்ற பிரிவு இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 1999 வரை இருந்தது. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, வீடுகள் மாறவில்லை. மறைத்துக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட பெண், மாத்திரைப் பட்டையைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்குகிறாள். விழுங்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். மாமியார் கூட இருக்கும்போது மகப்பேறு மருத்துவரிடம் அவளால் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல முடியாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வீட்டில், மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வாய் எழாது. புகுந்த வீட்டில் பேச முடியாத பேச்சு என்பதால்தான், அது பிறந்த வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

கர்ப்பத்தைப் பதிவதில் தமிழ்நாடு முன்னோடி. கிராம சுகாதார செவிலியர் பிக்மி எண் போட்டுக்கொடுப்பதும், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால் மகப்பேறு உதவித்தொகை கிடைப்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு வாரம் வேறு பல நோய்களுக்கு நல்ல நேரம். வால்ப்ரோயேட்டின் 28 நாள் கணக்குக்கு அது போதாது. ஆகவே செவிலியரின் கேள்வி, ஊரில் உள்ள கல்யாணமாகாத பெண்களுக்கும் புதுமணப் பெண்களுக்கும் போக வேண்டும்: ஃபிட்ஸ் மாத்திரை ஏதாவது எடுக்கிறாயா, அதன் பெயர் என்ன?

மருந்துக்கடையிலும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரில் பெட்டியாக விற்பது அரிது. பத்து மாத்திரைப் பட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நாலைந்தை வெட்டி, காகித உறையில் போட்டு, ‘காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று பேனாவால் எழுதிக் கொடுப்பதுதான் நடைமுறை. பெட்டிக்குள் இருக்கும் தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது. அதுவும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். இங்கிலாந்தைப் போல முழுப் பெட்டி விதி நம் கடைத்தெருவில் நடக்காது. பட்டையில் ஒவ்வொரு மாத்திரையின் பின்புறத்திலும், வெட்டினாலும் போகாதபடி, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று காட்டும் ஒரு படம் அச்சிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் புரியும். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தன் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

ஆண்களைப் பற்றியும் இப்போது பேச்சு வந்திருக்கிறது. கருத்தரிப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் தந்தை வால்ப்ரோயேட் எடுத்திருந்தால், குழந்தைக்கு வளர்ச்சிக் குறை வருவது நூற்றுக்கு ஐந்து. லாமோட்ரிஜினோ லெவெடிராசிட்டமோ எடுத்த தந்தையரின் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று என்று நார்டிக் தரவுகள் சொல்கின்றன. ஆய்வில் குறைகள் உண்டு, முடிவு உறுதியானதல்ல என்று ஐரோப்பிய மருந்து முகமையே 2024 ஜனவரியில் சொல்லி, முன்னெச்சரிக்கையாக மட்டும் ஆண்களுக்கும் தகவல் தரச் சொன்னது. தாய் வழியாக வரும் ஆபத்தோடு ஒப்பிட இது மிகச் சிறியது. ஆனாலும் குழந்தையின் குறைக்குப் பெண்ணின் வயிற்றை மட்டுமே குற்றம் சொல்லும் வீடுகளில் இந்தத் தகவலும் போய்ச் சேரட்டும்.

வால்ப்ரோயேட்டைத் தவிர வேறு எதற்கும் அடங்காத வலிப்புள்ள பெண்கள் சிலர் இருப்பார்கள். ஆபத்தை முழுவதும் தெரிந்துகொண்டு, இயன்ற அளவு குறைந்த மருந்தில், அதையும் பிரித்துச் சாப்பிட்டு, ஃபோலிக் அமிலத்தோடு, ஐந்தாம் மாத ஸ்கேனை நல்ல கையில் பார்த்து, பிள்ளை பெற அவர்கள் முடிவெடுக்கலாம். அது அவர்கள் உரிமை. பத்தில் ஒன்பது குழந்தைகள் பெரிய உடற்குறை இல்லாமல் பிறக்கின்றன என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை; பாலில் வரும் மருந்து மிகக் குறைவு. குழந்தைக்கு ஒன்றரை வயதிலிருந்து பேச்சையும் பழக்கத்தையும் கவனித்து, சந்தேகம் வந்தால் உடனே பயிற்சி தொடங்கினால் குழந்தைக்கு உதவும்.

எனவே பதினாறு வயதுப் பெண் காலை உதறலோடு முதன்முதலில் மருத்துவமனைக்கு வரும் நாளில், ஓ.பி. சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும், அதைத் தாயிடமும் பெண்ணிடமும் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘இது வால்ப்ரோயேட், பிள்ளை பெறும் எண்ணம் வருவதற்கு ஓராண்டு முன்பே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவரை ஒரு வேளைகூட விடக்கூடாது.’ முடிந்தால் முதல் மருந்தாகவே அதை எழுதாமல் விடலாம். அந்த வரியை எழுத அரை நிமிடம் போதும்.